கெட்டுப்போகத் தெரிந்த நிறம்

செக்காலை ரோட்டுக் கடைக்காரர்
அட்டைகளை விசிறிபோல விரித்தார்.
ஆயிரத்து எண்ணூறு நிறமாம்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்,
ஒன்றுகூடச் சாப்பிடுகிற பெயராக இல்லை.
காலைப் பனி. மௌன மேகம். பாலைவனக் கனவு.
அடுப்படியில் யார் மௌனமாக இருக்கிறார்கள்?
மூன்றைக் கிழித்து வாங்கிக்கொண்டு
பள்ளத்தூர் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
வெயிலில் ஒரு நிறம்,
புளியமரம் கடக்கும்போது வேறு நிறம்.

அடுப்படி எங்களுக்குப் பாதிதான்.
பாகம் பிரித்தபோது
இரண்டாம் கட்டில் இந்த ஓர் அறை மட்டும்
யார் பேருக்கும் முழுசாக விழவில்லை.
சுவரில் ஆணியால் கீறிய கோடு
அம்மிக்கு மேலே ஆரம்பித்து
கண்ணாடி ஓடு வரை ஏறுகிறது.
அந்தப் பக்கம் கொழுந்தனார் சுவர்.
அவர்கள் ஈப்போவில் இருக்கிறார்கள்,
அவர்களுடைய பச்சை இங்கே இருக்கிறது,
எட்டு வருஷமாக
அவர்கள் தாளிக்காத பச்சை.
என் புகைக்குக் கோடு தெரியாததால்
அதுவும் இப்போது பச்சை இல்லை.

"வெள்ளை அடிச்சிரு" என்றார் வயிரவன்,
திருப்பூரிலிருந்து, போனில்.
"நாளைக்கு வித்தாலும் வெள்ளைதான் எடுபடும்."
விற்க அடிக்கிற நிறமும்
சமைக்க அடிக்கிற நிறமும் ஒன்றா
என்று கேட்க வாயெடுத்தேன்.
குக்கர் முந்திக்கொண்டது.

சவரிமுத்து சுரண்ட ஆரம்பித்தார்.
முதலில் பிசுக்கு,
பாகுபோல் சுருண்டு பட்டையில் வந்தது.
உள்ளே ஒரு நீலம்.
நீலத்துக்குள் காவி.
அதற்கும் உள்ளே முட்டைவெள்ளைச் சாந்து,
கன்னம்போல வழவழத்து, கொஞ்சம் சில்லென்று.
"இதுல பெயிண்டு நிக்காதுக்கா.
உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கித்தான் அடிக்கணும்.
அப்பயும் என்ன,
எதை அடிச்சாலும் மூணு மாசம்.
அப்பறம் ஒங்க கொழம்புதான் பெயிண்டு."

சிரித்துக்கொண்டே டீக்குப் போனார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
இத்தனை நாள்
சுவர் எப்படி இருக்க வேண்டும் என்றே
யோசித்துக்கொண்டிருந்தேன்.
என்னவாக ஆகப்போகிறது என்று
யாருமே கேட்கவில்லை, நான் உட்பட.

அவர் திரும்பி வந்ததும்
மூன்று சதுரம் அடிக்கச் சொன்னேன்.
மறுநாள், யாரும் சாப்பிட இல்லாத நாளில்,
ஒரு சட்டி காரக்குழம்பு வைத்தேன்.
கரண்டியால் அள்ளி
சதுரத்துக்கு ஒரு தெறிப்பு.
சவரிமுத்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார்.
அவர் மனதில் என்ன ஓடியதோ,
"நான் நாளைக்கு வரவாக்கா?" என்றார்.

பனி நிறத்தில்
ஒரு சொட்டுகூடச் சாட்சிக் கூண்டில் நின்றது.
மேகம் மஞ்சள்பட்டு
நாலாம் நாள் அடிபோலக் கன்றியது.
பாலைவனத்தில் மட்டும்
எங்கே தெறித்தது என்று
கண்ணாடி போட்டுத் தேட வேண்டியிருந்தது.
பதினொரு மணிக்கு ஓட்டு வெளிச்சம்
சதுரமாக இறங்கி வந்து அதன்மேல் உட்கார்ந்தபோது
அதன் சரியான பெயர் தெரிந்தது:
அவித்த பனங்கிழங்கு.

இரண்டு நாள் வேலை.
வயிரவனுக்குப் படம் அனுப்பினேன்.
"அழுக்கா இருக்கே" என்று பதில் வந்தது.
ஆமாம் என்று போட்டேன்.

கோட்டுக்கிட்ட வந்தபோது
சவரிமுத்துவின் கை
இரண்டு விரற்கடை அந்தப் பக்கம் போய்விட்டது.
துணியை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.
நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்,
அவ்வளவு தேய்க்க அதில் ஒன்றுமில்லை.

படைப்புக்கு வருவார்கள், மாசியில்.
அதற்குள் எத்தனையோ தாளிப்பு இருக்கிறது.